இடது தோள், எட்டு மார்க்

அந்த டிரைவிங் ஸ்கூலில் அவளுக்குப் பிரேக் மேடம் என்றுதான் பெயர். சொல்லிக்கொடுக்கிறவர் பக்கமும் ஒரு பிரேக் வைத்த கார் அது. மற்ற ஆசிரியர்கள் ஆபத்து வந்தால்தான் அதை மிதிப்பார்கள். இவள் கருத்துச் சொல்லவே மிதிப்பாள். கண்ணாடி பார்க்காமல் திரும்பினால் ஒரு மிதி, கிளட்சைப் பட்டென்று விட்டால் ஒரு மிதி, ஓட்டும்போது போன் பக்கம் கண் போனால் இரண்டு மிதி. பதினொரு வருஷத்தில் அவள் காரில் ஒரு கீறல் விழுந்ததில்லை. மாணவர்களின் மூக்கு பட்ட பாடு வேறு கதை.

இத்தனை மிதி மிதிக்கிற காலும் கையும் எந்த நிலைமையில் இருக்கின்றன என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அவளுக்கு முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே புத்தி கெட்டுப்போய் மூட்டுகளைக் கடிக்கிற வியாதி. காலையில் எழுந்தால் பத்து விரலும் மடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். சுடுதண்ணீரில் போட்டு, கெஞ்சிக் கூத்தாடி அவற்றை வேலைக்குக் கிளப்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். மூட்டு டாக்டர் கொடுத்த மாத்திரை குமட்டுகிறது என்று பாதி நாள் அதைத் தொடமாட்டாள். மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை மட்டும் மிட்டாய் மாதிரி போட்டுக்கொள்வாள். ஸ்கூல் முதலாளிக்கு விஷயம் தெரிந்தால் மேசை வேலைக்கு மாற்றிவிடுவார் என்ற பயம் அவளுக்கு. மேசைக்கு அடியில் எதை மிதிப்பது?

வீட்டு நிலைமை இன்னும் விசேஷம். அந்த வீட்டில் ஒரே ஒரு நெஞ்சு நோயாளிக்குத்தான் இடம் இருந்தது. அந்த இடத்தை அவள் வீட்டுக்காரர் ஆறு வருஷத்துக்கு முன்பே பிடித்துவிட்டார். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை அவருக்கு. ஒரு மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், ஆம்புலன்ஸ் வந்தது, தெருவே திரண்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிற டெஸ்டையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் வாயு என்று சொல்லி அனுப்பினார்கள். வாயு என்பது டாக்டர்கள் விட்ட அச்சுப்பிழை என்றே அவர் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் உப்பு குறைந்தது, எண்ணெய் ஒழிந்தது, டிவியில் யாராவது கத்தினால் சத்தம் குறைக்கப்பட்டது. தண்ணீர் கேனை மாடி ஏற்றுவது முதல் கட்டிலை நகர்த்துவது வரை எல்லாம் அவள் தலையில் விழுந்தது. இதயக்காரரைத் தூக்கச் சொல்ல முடியுமா? அவளுக்கு மூட்டுதானே, மூட்டு வலியில் யாராவது செத்ததாகக் கேள்விப்பட்டதுண்டா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் ஆறுதலாகச் சொல்லுவார். கெட்ட மனுஷர் இல்லை. தன் நாடியை எண்ணுவதில் கொஞ்சம் மும்முரமாக இருந்தார், அவ்வளவுதான்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில், நெஞ்சு ஏதோ இறுக்கிப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்று அவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், வீட்டுக்காரருக்கு நெஞ்சு இறுக்கிப் பிடித்துவிட்டது. நாற்காலியிலேயே சரிந்து உட்கார்ந்தார். அவள் லீவு போட்டு, அவரைப் படுக்கவைத்து, ரத்த அழுத்தம் பார்த்து, சாயங்காலம் வரைக்கும் கால் பிடித்துவிட்டாள். இரண்டு பேர் செய்ய வேண்டிய வியாதியையும் அவர் ஒருவரே செய்து முடித்தார். அதற்கப்புறம் அவள் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. வலியை நோட்டில் எழுதுவதோடு சரி.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஸ்கூலில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு பெரிய நோட்டு உண்டு. வகுப்பு முடிந்ததும் மாணவர் பெயர் போட்டு, கிளட்ச் இத்தனை, கியர் இத்தனை, கண்ணாடி இத்தனை என்று பத்துக்கு மார்க் எழுத வேண்டும். எந்த மூட்டு எவ்வளவு வலிக்கிறது என்று தினமும் பத்துக்கு மார்க் போடச் சொல்லி மூட்டு டாக்டரும் கேட்டிருந்தார். இதற்கென்று இன்னொரு நோட்டா என்று அவள் அதே நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து தன் வலிகளை எழுதிவந்தாள். முன்னாலிருந்து மாணவர்கள், பின்னாலிருந்து மூட்டுகள். இரண்டுமே வருஷக்கணக்காகத் தேறவில்லை.

அந்த மாணவர்களில் கடைசி ரகம் ஒரு இதய டாக்டர். நாற்பத்தைந்து வயது, பெரிய ஆஸ்பத்திரி, நாளைக்கு நாலு பேர் இதயத்துக்குள் கம்பி விடுகிற மனுஷர். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் மட்டும் பேயறைந்த மாதிரி ஆகிவிடுவார். லைசென்ஸ் டெஸ்டில் மூன்று தடவை தோற்றிருந்தார். மூன்றாவது தடவை டெஸ்ட் எடுத்த அதிகாரியே பாதி வழியில் இறங்கி நடந்து வந்துவிட்டதாகக் கேள்வி. ஆஸ்பத்திரிக்குத் தினமும் அவரை அவர் மனைவிதான் கொண்டுபோய் விடுவாள். மூன்று மாதமாக வாரம் இரண்டு நாள் பிரேக் மேடத்திடம் வருகிறார், அவள் நோட்டில் எதிலும் மூன்று மார்க்கைத் தாண்டியதில்லை. அவள் அவரை டாக்டர் என்று பார்த்ததில்லை, ஒரு மக்கு மாணவனாகத்தான் பார்த்தாள்.

அன்று காலை பத்து மணி வகுப்பு. ரிவர்ஸ் பழக்குவதற்கு ஒரு காலி மைதானத்துக்குக் கூட்டிப்போயிருந்தாள். காரை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஆரஞ்சுக் கூம்புகளை வரிசையாக வைக்க இறங்கினாள். டாக்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். நோட்டு டாஷ்போர்டின் மேல் கிடந்தது. நாலாவது டெஸ்டுக்கு இன்னும் நாலே நாள். எந்த மனுஷனுக்குத்தான் கை சும்மா இருக்கும்? எடுத்தார். பதற்றத்தில் தலைகீழாக எடுத்ததைக் கவனிக்கவில்லை.

கடைசியாக எழுதிய பக்கத்தில் அன்றைய தேதி இருந்தது. விரல்கள் ஆறு. மணிக்கட்டு ஐந்து. இடது தோள் எட்டு. தாடை ஏழு.

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டா? இடது பக்கம் திரும்பும்போது தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள் என்று மூன்று மாதமாகத் தொண்டை கிழியக் கத்தியவள், இன்றைக்கு அவர் திரும்பிப் பார்த்ததைக் கவனித்து எட்டு போட்டிருக்கிறாளே. ஸ்டீயரிங்கில் விரல் வைக்கிற விதத்துக்கு ஆறு. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிற பழக்கம் அவருக்கு உண்டு, அதைக்கூடப் பார்த்துத் தாடைக்கு மார்க் போட்டிருக்கிறாள். வெளியே சிடுசிடுப்பு, உள்ளே தங்கம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார். படி ஏறினால் மூச்சு, ஏழு. போன வாரம் காரை நடைபாதைமேல் ஏற்றியது ஞாபகம் வந்து வெட்கப்பட்டார். அதற்குமா ஏழு மார்க்? அதற்கும் கீழே, சின்ன எழுத்தில், வலி மாத்திரை மூன்று போட்டேன், அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் அவர் படுத்துவிடுவார் என்று இருந்தது.

அங்கேதான் மாணவன் போய் டாக்டர் வந்தார். பரபரவென்று பழைய பக்கங்களைப் புரட்டினார். இடது தோள் நாலு, ஐந்து, ஐந்து, ஆறு, எட்டு. தாடையும் கூடவே ஏறியிருந்தது. மூன்று வாரமாக ஒரு மனுஷி தன் மாரடைப்பைத் தானே உட்கார்ந்து மார்க் போட்டு வளர்த்திருக்கிறாள். நிமிர்ந்து பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தார். கூம்பை வைத்துவிட்டு அவள் திரும்பி வந்துகொண்டிருந்தாள். பத்தடிக்கு ஒரு முறை நின்று, வலது கையால் இடது தோளை அமுக்கிக்கொண்டாள். கண்ணாடியைப் பார் கண்ணாடியைப் பார் என்று அவள் அடித்துக்கொண்டதற்கு, அன்றைக்குத்தான் அவர் அதை ஒழுங்காகப் பார்த்தார்.

அவள் ஏறி உட்கார்ந்து, அவர் கையில் நோட்டைப் பார்த்ததும் பிடுங்கினாள். கையும் களவுமாகப் பிடிபட்டவர் அவர்தான், ஆனால் முழித்தது அவள். இதெல்லாம் மூட்டு வலி, வருஷக்கணக்கான பழக்கம், நீங்கள் ரிவர்ஸ் கியரைப் போடுங்கள் என்றாள். தோளும் ஒரு மூட்டு, தாடையும் ஒரு மூட்டு, இந்த வியாதி இரண்டையும் பிடிக்கும் என்று மூட்டு டாக்டரே சொல்லியிருக்கிறாராம்.

டாக்டர் கியரைத் தொடவில்லை. "தாடை எப்ப வலிக்குது மேடம்? எதையாவது மெல்லும்போதா?" என்று கேட்டார்.

"மெல்லும்போது ஒண்ணும் இல்ல. ஆபீஸ் மாடிப்படி ஏறும்போது வரும். நின்னா போயிடும்."

"படி ஏறுனா தாடை ஏன் வலிக்கணும்? தாடையாலயா ஏறுறீங்க?"

அவள் கை தானாகத் தாடைக்குப் போனது. இந்த மூன்று வாரத்தில் இந்தச் சின்னக் கேள்வி தனக்கே தோன்றாமல் போனதில் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அப்புறம் அவர் சொன்னதெல்லாம் அவளுக்குப் புதுசு. மூட்டில் எரிகிற நெருப்பு மூட்டோடு நிற்காது, ரத்தத்தோடு போய் இதயத்துக் குழாய்களையும் அரிக்கும் என்றார். இந்த வியாதிக்காரர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு, கிட்டத்தட்ட சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சமம் என்றார். தன் கொழுப்பு டெஸ்ட் ரிசல்ட் வீட்டுக்காரருடையதைவிட நல்லது என்று அவள் பெருமையாகக் குறுக்கே விழுந்தாள். இந்த வியாதி கொதிக்கும்போது அந்த அளவு குறைவாகத்தான் காட்டும், அதை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர் என்று அதையும் அடித்துவிட்டார். வாதத்தை அடக்குகிற மாத்திரையை விட்டுவிட்டு வலி மாத்திரையை அள்ளிப்போட்டது இன்னும் தப்பு, அதுவும் சேர்ந்து இதயத்தைத்தான் படுத்தும் என்று திட்டினார். மூன்று மாதம் வாங்கிய திட்டுக்கெல்லாம் ஒரே நாளில் வட்டியோடு திருப்பிக் கட்டினார் என்றே சொல்ல வேண்டும்.

"எங்க வீட்ல ஹார்ட் அவருக்குத்தான் டாக்டர்" என்றாள் அவள், கடைசி முயற்சியாக.

"வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான்னு யார் சொன்னது?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. நெஞ்சின் நடுவில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. நெற்றியில் வேர்வை கொட்டியது. இப்போது எத்தனை என்று டாக்டர் கேட்டார். ஒன்பது என்றாள். பத்து ஏன் இல்லை என்று கேட்டதற்கு, "பத்து நான் யாருக்கும் போட்டதில்ல" என்றாள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் நெரிசல், வர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அவருடைய ஆஸ்பத்திரி இரண்டு கிலோமீட்டரில் இருந்தது. தன் பையைத் துழாவி, ரத்தம் உறையாமல் தடுக்கிற ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்து, கடித்து மென்று விழுங்கச் சொன்னார். தாடை வலி என்று சொல்கிறேன், மெல்லச் சொல்கிறீர்களே என்று அவள் முனகிக்கொண்டே மென்றாள். நான் ஓட்டுகிறேன், நீங்கள் இந்தப் பக்கம் வாருங்கள் என்று வேறு சொன்னாள். டாக்டர் முறைத்த முறைப்பில் அடங்கிப்போனாள். மைதானத்தில் வேறு ஈ காக்கை இல்லை. நோயாளி பக்கத்து ஸீட்டில், மூன்று தடவை ஃபெயிலானவர் ஸ்டீயரிங்கில், முன்னாலும் பின்னாலும் 'எல்' போர்டோடு கார் கிளம்பியது.

கிளம்பியது என்றா சொன்னேன்? மூன்று கூம்புகளை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. மெயின் ரோட்டுக்கு வந்ததும் எதிரே ஒரு லாரி. அவள் கால் தானாகப் போய் பிரேக்கை அழுத்தியது, வண்டி இருமி நின்றது. திரும்பக் கிளப்பினார். ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது, மறுபடியும் அவள் கால், மறுபடியும் வண்டி நின்றது. பின்னாலிருந்தவர்கள் ஹாரனிலேயே வசைபாடினார்கள்.

"மேடம், காலை மடிச்சு ஸீட்டு மேல வைங்க. நீங்க மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் போகுது."

பதினொரு வருஷத்தில் அந்தப் பிரேக்கைவிட்டு அவள் கால் விலகியதே இல்லை. வீங்கிய முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி ஸீட்டில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.  இந்தக் கார் இனி அவள் கையில் இல்லை, இந்த உடம்பும் இல்லை. செத்துவிடுவேனோ என்று நினைத்தாள். வீட்டில் அந்த மனுஷருக்கு ரத்த அழுத்த மெஷினுக்குப் பேட்டரி மாற்றக்கூடத் தெரியாதே என்று நினைத்தாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே, "இண்டிகேட்டர்" என்றாள்.

டாக்டர் இண்டிகேட்டர் போட்டார். வைப்பர் ஓடியது. வைப்பர் ஓட, வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இரண்டாவது கியரில் வண்டி அலறிக்கொண்டு போனது. மூன்றாவதுக்கு மாற்றச் சொல்லி அவள் கெஞ்சினாள், அவர் கியர் மாற்றினால் நின்றுவிடும் என்று மறுத்துவிட்டார். சிக்னலில் சிவப்பு விழுந்தது. தாண்டிப் போய்விடலாமா என்று கேட்டார். சிவப்பு என்றால் சிவப்புதான் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். கோட்டைத் தாண்டிப் போய் நின்றார். ஆஸ்பத்திரி வாசலில் நடைபாதைமேல் ஏறி, ஒரு பூந்தொட்டியைச் சாய்த்து, அவசரப் பிரிவுக் கதவுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி உள்ளே தள்ளும்போது, ஹேண்ட்பிரேக், ஹேண்ட்பிரேக் என்று கையை ஆட்டினாள். டாக்டர் திரும்பிப் பார்த்தார். கார் மெல்லப் பின்னால் உருண்டுகொண்டிருந்தது. காவலாளி ஓடிப்போய் ஒரு கல்லை வைத்தார்.

உள்ளே போனதும் டாக்டர் ஆளே மாறிவிட்டார். மூன்று பெரிய குழாயில் ஒன்று கிட்டத்தட்ட முழுசாக அடைத்திருந்தது. மணிக்கட்டு வீங்கியிருந்ததால் அந்த வழியை விட்டுவிட்டுத் தொடை வழியாகக் கம்பியை நுழைத்தார். அவளுக்கு முழு நினைவு இருந்தது. கியர் தடியைப் பிடித்தால் வெடவெடக்கிற அதே கை ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லாமல் வேலை செய்வதை அவள் பார்த்துக்கொண்டே கிடந்தாள். ஸ்டென்ட் வைத்து முடித்ததும் நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது.

இதற்குள் வீட்டுக்காரருக்குத் தகவல் போயிருந்தது. ஆஸ்பத்திரி என்று காதில் விழுந்ததும் பழக்கதோஷத்தில் தன் ரிப்போர்ட் அடங்கிய தடித்த ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்தார். வரவேற்பில் மூச்சு வாங்க, ஃபைலை நீட்டி, ஹார்ட், ஹார்ட் என்று மட்டும் சொன்னார். அவர்கள் சும்மா இருப்பார்களா? சக்கர நாற்காலியில் உட்காரவைத்து உருட்டிக்கொண்டு போய்ச் சட்டையைக் கழற்றி ஈசிஜி எடுத்துவிட்டார்கள். நான் இல்லை, என் வீட்டுக்காரி என்று அவர் சொல்லச் சொல்ல, பதறாதீர்கள், எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நர்ஸ் தட்டிக்கொடுத்தாள். அரை மணி நேரம் கழித்து, இருபது வயசுப் பையனுக்கு இருக்கிற மாதிரி இதயம் என்று சொல்லி எழுப்பிவிட்டார்கள். ஆறு வருஷமாகக் கட்டிக்காத்த வியாதியை ஒரு காகிதத்தில் பறிகொடுத்த மனுஷர், சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு மனைவியைத் தேடி மாடிக்கு ஓடினார். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

மறுநாள் காலை டாக்டர் வார்டுக்கு வந்தார். இனி வாதத்துக்கான மாத்திரையை ஒரு நாள் விடக்கூடாது, குமட்டினால் மூட்டு டாக்டரிடம் சொல்லி வேறு மாற்றிக்கொள்ள வேண்டும், வலி மாத்திரை தானாக வாங்கக்கூடாது, அவளைக் கேன் தூக்க விடக்கூடாது என்று வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்காரர் பிழை திருத்துகிற பேனாவால் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுதி முடிந்ததும் டாக்டர் கொஞ்சம் தயங்கி, நேற்று ஓட்டியதற்கு எத்தனை மார்க் என்று கேட்டார்.

"கோட்டைத் தாண்டி நின்னீங்க. இண்டிகேட்டர் போடச் சொன்னா வைப்பர் போட்டீங்க. ரெண்டு கிலோமீட்டர் ரெண்டாவது கியர்லயே வந்தீங்க. ரெண்டு மார்க்."

"உங்களைக் காப்பாத்தியிருக்கேனே மேடம்."

"அது வேற பாடம்" என்றாள்.

டாக்டர் முனகிக்கொண்டே போனார். அறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். அவள் பழக்கப்படி, காலையில் சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று ஆரம்பித்தாள். அவர் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ராத்திரி முழுக்க அழுத முகம் என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

"ஆறு வருஷமா தினமும் நான் செத்துருவேன்னு பயந்தேன்" என்றார். "நீ போயிருவேன்னு ஒரு நாள்கூடப் பயந்ததில்ல."

அவளுக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"சரி, இனிமே பயப்படுங்க" என்றாள்.

அவர் தலையாட்டினார். அவள் விரல்களைப் பிடிக்கக் கையை நீட்டியவர், பாதியில் நிறுத்தி, எந்த விரல் வலிக்காது என்று கேட்டார். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை என்பதால் அவளுக்கும் சட்டென்று தெரியவில்லை. யோசித்து, சுண்டுவிரலை நீட்டினாள்.